திறந்தவெளி உணவிடத்தில் சாரலைத் தடுப்பது எப்படி? ஹட்டனிலிருந்து உதவி கேட்கிறேன்

வணக்கம். இலங்கை மலைநாட்டிலுள்ள ஹட்டனுக்கு வெளியே எங்கள் குடும்பம் நடத்திவரும் கல்யாண மண்டபத்தில், 2020 மார்ச் 20 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ஒரு வைபவமும் நடக்கவில்லை. சமையல்காரர்களையும் பரிமாறுபவர்களையும் வீட்டுக்கு அனுப்ப மனமில்லை. மூடிய மண்டபத்தைவிடத் திறந்தவெளியில் தொற்றுப் பரவும் வாய்ப்புக் குறைவு என்பதால், ஜூலை முதல் வாரத்தில் முன்புறப் புல்வெளியை உணவிடமாக மாற்றி, ஆறடி இடைவெளியில் 11 மேசைகளைப் போட்டோம்.

மழைதான் எங்களை முடக்குகிறது. ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில், மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருப்பதால், செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எங்களை விடாது. அதுவும் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டிலேயே அடிக்கிறது.

முதலில் 20 அடிக்கு 40 அடித் தறப்பாள் கட்டினோம். நடுவில் நீர் தேங்கி, இரண்டாம் நாளே கயிறு அறுந்தது. பிறகு இரும்புக் குழாய்ச் சட்டத்தில் சாய்வாகத் தகரம் போட்டோம். மழை இரைச்சலில் பேச்சுக் கேட்பதில்லை என்றாலும், கூரை தாங்குகிறது. ஆனால் பக்கங்களில் பிளாஸ்டிக் திரையை இறக்கினால் காற்றோட்டம் நின்று, மண்டபத்துக்குள் உட்கார்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லாமல் போகிறது. உயர்த்தினால் மேற்குப் பக்கத்து நான்கு மேசைகளும் நனைகின்றன, தோசையும் உடனே ஆறிவிடுகிறது. குளிருக்குக் கரியடுப்பு வைத்தோம். புகை கூரைக்கடியில் சுழன்றதால் அன்றே எடுத்துவிட்டோம்.

மலையகத்தில் இத்தகைய இடம் அமைத்த அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன்: காற்றை மறிக்காமல் சாரலை மட்டும் தடுக்க, மேற்குப் பக்கத்தில் எதை, எவ்வளவு உயரத்துக்கு அமைக்கலாம்?