புதுப்பிப்பு: ஜிப்சியில் புது எஞ்சின் ஏறிவிட்டது

என் பழைய எம்ஜி410 மாருதி ஜிப்சியின் 970 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பழைய முறை) எஞ்சினை இறக்கிவிட்டு, 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் முறை) எஞ்சினை ஏற்றப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். வண்டி இப்போது ஓடுகிறது.

எஞ்சினைப் பொருத்தியது பெரிய வேலையே இல்லை. எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் பழைய பெல் ஹவுசிங் புது எஞ்சினுக்குச் சேராது என்பதால் ஐந்து கியர் கொண்ட பெட்டியையும் கையோடு வாங்கினேன். ஜிப்சியில், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனியாக இருப்பது பெரிய வசதி; அதன் இடத்தை மாற்றவில்லை.

நேரத்தைத் தின்றவை எரிபொருளும் வயரிங்கும்தான். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்தால் போதும். இன்ஜெக்டருக்கோ அழுத்தம் வேண்டும். மின்சார பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய், மிச்சம் டாங்குக்குத் திரும்பத் தனி வழி எல்லாம் புதிது. 'பழைய ரப்பர் குழாயே தாங்கும் சார்' என்றார் மெக்கானிக். சூடான எஞ்சினருகே அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம். எலக்ட்ரீஷியன் வயர்க் கற்றையைத் தரையில் விரித்து, முனைக்கு முனை காகிதச் சீட்டு ஒட்டித்தான் வேலையைத் தொடங்கினார். சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டி ஈசியூவின் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எர்த் வயரை முடுக்கிய பிறகே ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நிலைத்தது.

45 குதிரைத்திறன் 80 ஆகிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூச்சு வாங்கவில்லை. பிரேக் மட்டும் பழைய வேகத்துக்கானது. அடுத்த செலவு அதற்குத்தான்.

எஞ்சினை மாற்றினால் ஆர்சிக்கு (வண்டியின் பதிவுச் சான்று) என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். வேறு வகை எஞ்சின் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.