9 வயசு பையனுக்கு பர்சனாலிட்டி டிஸார்டராமே, உண்மையா?

மதுரை_அம்மா:
போன மாசம் பக்கத்து வீட்டு பாப்பாவ மாடிப்படில இருந்து தள்ளி விட்டுட்டான், நெத்தில 3 தையல். நேரா உள்ள வந்து "அம்மா தோசை ரெடியா"ங்குறான், எனக்கு கை காலெல்லாம் வெடவெடன்னு ஆயிருச்சு. ஸ்கூல்ல டீசி வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. ஒரு டாக்டர்ட்ட போனோம், கால் மணி நேரம்கூட பாக்கல, ஆன்டிசோஷியல் பர்சனாலிட்டின்னு எழுதிட்டாரு. ஹாஸ்டல்ல போடுன்றாரு அவங்கப்பா.

சைல்ட்_சைக்:
அம்மா, அந்த பேர (அடுத்தவங்க உரிமைய மதிக்காத குணம்னு அர்த்தம்) 18 வயசுக்கு முன்னாடி வைக்கவே கூடாது, மனநோய்க்கு பேர் வைக்க டாக்டருங்க பாக்குற டிஎஸ்எம்-5 புக்லயே அப்டிதான் இருக்கு. இந்த வயசுல பாக்க வேண்டியது கண்டக்ட் டிஸார்டர், அதாவது அடுத்தவங்கள அடிக்கிறது, ரூல்ஸ மீறுறதுன்னு திரும்பத் திரும்ப நடக்குறது. செஞ்சதுக்கு வருத்தமே இல்ல, அடுத்தவங்க வலி ஒறைக்கல, இதையும் தனியா பாப்போம், ஆனா ஒரு நாள் தோசை கேட்டத வச்சு இல்ல, 12 மாசமாச்சும் வீடு ஸ்கூல்னு பல இடத்துல இருக்கணும் (பயத்துல ஒறைஞ்சு போற பிள்ளையும் இப்டித்தான் பேசும்). டீச்சர்ட்டயும் கேக்கணும். எஸ்டிக்யூன்னு பிள்ளையோட நடத்தைய பத்தி 25 கேள்வி ஃபார்ம், அது வெறும் ஆரம்பம்தான். ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குறது), படிக்கிறதுல கஷ்டம், யாராச்சும் தப்பா நடந்துக்கிட்டாங்களா, எல்லாம் பாத்துட்டுதான் பேரு. ஒண்ணு கேக்குறேன், வீட்ல அவன யாரும் அடிக்கிறாங்களா?

பழைய_ஆளு:
எங்க காலத்துல ரெண்டு போடு போட்டா சரியாயிரும், இப்ப எல்லாத்துக்கும் ஒரு வியாதி பேரு

கோவை_அப்பா:
அண்ணே நானும் அப்டி நெனச்சு போட்டுட்டுதான் இருந்தேன், அடிக்க அடிக்க அவன் தங்கச்சிய அடிச்சான். கடைசில ட்ரீட்மென்ட் முக்காவாசி எங்களுக்குத்தான், அவன்ட்ட எப்டி நடந்துக்கணும்னு. தெனம் 10 நிமிஷம் அவன் சொல்ற விளையாட்டு, நடுவுல புத்தி சொல்லக்கூடாது. நல்லது செஞ்சா அந்த நிமிஷமே சொல்லணும், "நல்ல பையன்"னு இல்ல, "பென்சில கேட்டு வாங்குனல்ல, சூப்பர்"னு. மொத 3 வாரம் முன்னவிட ஜாஸ்தி ஆடுனான், விட்ரலாம்னு இருந்தோம், விடல. ரிஸ்பெரிடோன்னு ஒரு மருந்து கொஞ்ச நாள் குடுத்தாங்க, கோவத்த கொறைக்கும், குணத்த மாத்தாது, வெயிட் கன்னாபின்னான்னு ஏறும், சுகர் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும்.

சைல்ட்_சைக்:
பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில குழந்தைகளுக்கு தனி டிபார்ட்மென்ட் இருக்கு. அவ்ளோ தூரம் ஒடனே முடியாதுன்னா 14416, டெலிமானஸ்னு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

மதுரை_அம்மா:
சார் நீங்க கேட்டதுக்கு... அவங்கப்பா பெல்ட்ல அடிப்பாரு. டாக்டர் இத கேக்கவே இல்ல, நானும் சொல்லல. நாளைக்கு 14416க்கு போட்டு சொல்லிர்றேன்.