தனியாக கிட்டார் வாசிக்கிறவனுக்குத் தானாக டிரம்ஸ் போடும் கருவி: எது சரிவரும்?

கேப்போ3:
நான் தனியாகத்தான் வாசிக்கிறேன், கூடவே பாடவும் செய்கிறேன். அகூஸ்டிக் கிட்டார், உள்ளே பிக்கப் (ஒலியைக் கேபிளில் அனுப்புவது) இருக்கிறது. இதுவரை போனில் ஒரு டிரம் லூப்பை ஓடவிட்டு அதன் மேல் வாசித்து வந்தேன். ஆனால் பல்லவிக்கும் அதே அடி, சரணத்துக்கும் அதே அடி, பாட்டு முடிந்த பிறகும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், நான் கையை எடுத்துப் போனைத் தடவி நிறுத்த வேண்டும். கேட்பவர்களை விடுங்கள், எனக்கே சிரிப்பு வருகிறது.

எனக்கு வேண்டியது, நான் வாசிப்பதைக் கேட்டு அதற்கேற்ப அடிக்கிற ஒன்று. நான் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்ட வேண்டும். டிஜிடெக் ட்ரியோ, பீட்பட்டி என்ற இரண்டு பெயர்கள்தான் எங்கே பார்த்தாலும் அடிபடுகின்றன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? கம்ப்யூட்டரில் வழி இருந்தாலும் சொல்லுங்கள். பேஸ் கிட்டார் ஒலியும் சேர்ந்து வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு விஷயம், என் பாட்டுகளில் பாதி 6/8, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு ஆறு சிறு தட்டு.

நான்காம்_தட்டு:
இரண்டும் வேறு வேறு.

ட்ரியோ 2015இல் வந்தது. ஒரு கால் பொத்தானை அமுக்கிவிட்டு உங்கள் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையை ஒரு சுற்று வாசித்து மறுபடி அமுக்க வேண்டும், அது கேட்டுக்கொண்டு அந்தக் கார்டுகளுக்குப் பொருந்துகிற பேஸையும் டிரம்ஸையும் தானே உருவாக்கித் திருப்பி வாசிக்கும். ஆனால் அது காது கொடுப்பது அந்தக் கற்கும் சுற்றில் மட்டும்தான். அப்புறம் நீங்கள் வேகத்தைக் கூட்டினாலும் சரி, கார்டை மாற்றினாலும் சரி, அது தான் கற்றதையே வாசிக்கும். அடுத்து வந்த ட்ரியோ பிளஸ்ஸில் லூப்பரும் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுவது) சேர்ந்திருக்கிறது, பாட்டின் பகுதிகளைச் சேமிக்க இடமும் கூடுதல்.

பீட்பட்டி உங்கள் கிட்டாரைக் கேட்பதே இல்லை. அது காலால் ஓட்டுகிற டிரம் மெஷின். ஒருமுறை மிதித்தால் தொடங்கும், ஓடும்போது தட்டினால் ஒரு ஃபில் (நடுவில் வரும் சிறு அலங்கார அடி), அழுத்திப் பிடித்து விட்டால் அடுத்த பகுதிக்குத் தாவும், இரட்டைத் தட்டில் முடிவு ஃபில் போட்டு நிறுத்தும். நீங்கள் எழுதியிருக்கும் பல்லவி, சரணம், முடிவு என்ற குறைகள் மூன்றுக்கும் இதுதான் நேரான மருந்து. பெயர் பெரிதாக இருப்பதால் கேட்கிற கருவியை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு என் ஓட்டு கால் பொத்தானுக்குத்தான்.

ட்ரியோ எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். கற்றுக்கொடுக்கும்போது அலங்காரம் எதுவும் வேண்டாம், சுத்தமான ஒலியில் கார்டை மட்டும் தெளிவாக வாசியுங்கள். இரண்டாவது மிதி, கடைசிக் கார்டு ஒலித்து ஓயும் இடத்தில் இல்லை, அடுத்த சுற்றின் முதல் தட்டு விழும் அதே நொடியில். அரைத் தட்டு தாமதித்தாலும் சுற்று முழுவதும் நொண்டும். பலர் "இது சரியாகக் கேட்கவில்லை" என்று திட்டுவது பெரும்பாலும் இந்த மிதியால்தான்.

லயப்பித்து:
"நான் வேகம் கூட்டினால் அதுவும் கூட்ட வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதைப் பற்றிக் கொஞ்சம். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் இந்தத் துறையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

மெஷின் உங்கள் ஒலியில் எங்கே ஒவ்வொரு அடியும் தொடங்குகிறது என்று தேடும், அந்தத் தொடக்கங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியிலிருந்து டெம்போவைக் கணிக்கும். அகூஸ்டிக்கில் ஸ்ட்ரம் செய்தால் ஆறு கம்பியும் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை, விரலால் மெதுவாக ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசித்தால் எது தட்டு, எது நடுச் சுரம் என்றே அதற்குப் பிடிபடாது. நிமிடத்துக்கு 70 தட்டில் வாசிப்பதை 140 என்று எடுத்துக்கொள்வதும் சகஜம், கணக்குப்படி இரண்டுமே சரி என்பதுதான் தொல்லை. இதற்கு மேல் இன்னொன்று: டிரம்ஸ் உங்களோடு சேர்ந்து விழ வேண்டுமென்றால், அடுத்த தட்டு எப்போது வரும் என்று அது முன்கூட்டியே யூகிக்க வேண்டும். நீங்கள் வாசித்த பிறகு அடித்தால் ஏற்கெனவே தாமதம். மனித டிரம்மர் உங்கள் தோள், மூச்சு, முகம் எல்லாவற்றையும் பார்த்து யூகிக்கிறார், மெஷினுக்கு ஒரு கேபிள்தான்.

சரி, யூகித்தே விட்டது என்று வையுங்கள். நீங்கள் டிரம்ஸைக் கேட்டு வாசிக்கிறீர்கள், டிரம்ஸ் உங்களைக் கேட்டு அடிக்கிறது. ஒரே வாசலில் இரண்டு பேர் "நீங்க முதல்ல போங்க" என்று நிற்கிற கதைதான், டெம்போ மெல்ல மெல்ல நழுவிக்கொண்டே போகும். யாராவது ஒருவர் பிடிவாதமாக இருக்க வேண்டும், அது மெஷினாக இருப்பது நல்லது. பாட்டில் வேகம் மாற வேண்டிய இடம் உண்மையிலேயே இருந்தால் அங்கே டிரம்ஸை நிறுத்திவிடுங்கள், தனியாக வாசித்துவிட்டு டேப் டெம்போவில் (தாளத்தில் தட்டி வேகத்தைச் சொல்லும் பொத்தான்) புது வேகத்தைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கேட்பவர் அதை அரேஞ்ச்மென்ட் என்றுதான் நினைப்பார்.

பிக்_தொலைத்தவன்:
கம்ப்யூட்டர் பக்கம் ஏராளம் இருக்கிறது. ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக்கில் 2013 முதல் டிரம்மர் என்று ஒன்று உண்டு, ஏற்கெனவே பதிவு செய்த கிட்டார் டிராக்கைக் காட்டி "இதைப் பின்பற்று" என்றால் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் கூர்மையான டிரம்) அதற்கேற்ப மாறும். 2024இல் வந்த லாஜிக் ப்ரோ 11இல் பேஸ், கீபோர்டு வாசிப்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அதே டிரம்மரின் எளிய வடிவம் ஆப்பிளின் கராஜ்பேண்டில் இலவசம். டிரம் மென்பொருளான ஈஸிடிரம்மர் 3இல் பேண்ட்மேட் என்ற வசதி: உங்கள் கிட்டார் பதிவை இழுத்துப் போட்டால் அதற்குப் பொருந்தும் தாளங்களைத் தேடிக்கொடுக்கும், எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. கார்டுகளைத் தட்டச்சு செய்தால் முழு பேண்டையும் தருகிற பேண்ட்-இன்-ஏ-பாக்ஸ் 1990 முதலே இருக்கிறது, போனில் அந்த வேலைக்கு ஐரியல் ப்ரோ. எல்லாவற்றையும் கையால் கோத்துக்கொள்ளப் பொறுமை இருந்தால் ஹைட்ரஜன், ஓப்பன் சோர்ஸ், லினக்ஸிலும் ஓடும்.

ஆனால் இவை எதுவும் நீங்கள் வாசிக்கும்போது கூடவே கேட்டுக்கொண்டு அடிப்பதில்லை. பாட்டை உருவாக்க, பயிற்சி செய்ய அருமை. மேடையில் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு பாடுவது எனக்குப் பிடிக்காது, அது என் சொந்தக் கோளாறாகக்கூட இருக்கலாம்.

ஸ்னேர்_ஸ்நேகிதன்:
நான் டிரம்மர், அதனால் பாரபட்சத்தோடுதான் பேசுவேன். ஒரே ஒரு கிட்டாரும் குரலும் இருக்கும் இடத்தில் முழு டிரம் செட் ஒலி பெரும்பாலும் அதிகப்படி. ஷேக்கர், கஹோன் (உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி), ஓரமாக ஒரு ஹை-ஹாட் (ஜோடி சிம்பல்), போதும். எந்தக் கருவி வாங்கினாலும் முதலில் ராக் செட்டை விட்டுவிட்டு பெர்கஷன் செட்டைத் தேடுங்கள். அகூஸ்டிக்காரர்களை மனதில் வைத்தே பாஸ் நிறுவனம் டிஆர்-01எஸ் என்று ஒன்று போட்டிருக்கிறது, அதையும் பார்க்கலாம். லூப்பர் எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால் உள்ளேயே தாளம் வைத்திருக்கும் ஆர்சி-5 மாதிரி ஒன்றை எடுத்துவிடுங்கள், டிரம்ஸும் லூப்பும் ஒரே கடிகாரத்தில் ஓடும். தனித்தனியாக வாங்கினால் வேகத்தைப் பகிர்ந்துகொள்ள மிடி கேபிள் போட்டு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும்.

கேப்போ3:
எல்லோருக்கும் நன்றி. கேட்கிற மெஷின் மோகம் ஓரளவு தெளிந்துவிட்டது, கால் பொத்தான் வழிதான் போலிருக்கிறது. இரண்டு சந்தேகம். என்னிடம் இருப்பது எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப், டிரம்ஸையும் அதிலேயே விடலாமா? இல்லை ப்ளூடூத் ஸ்பீக்கரா? அப்புறம் அந்த 6/8 பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே!

நான்காம்_தட்டு:
கிட்டார் ஆம்பில் விடாதீர்கள். அந்த ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும், சிம்பல் போர்வைக்குள்ளிருந்து கேட்கும், கிக்கில் அடி இருக்காது. முழு அலைவரிசையும் தருகிற பிஏ (மேடை ஒலிபெருக்கி) ஸ்பீக்கரோ ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ள அகூஸ்டிக் ஆம்போ வேண்டும்.

ப்ளூடூத்தில் டிரம்ஸ் மட்டும் வந்தால், நீங்களும் அதைக் கேட்டே வாசித்தால், தாமதம் அவ்வளவாகத் தெரியாது, ஃபில் மட்டும் மிதித்ததற்குச் சற்றுப் பின்னால் வரும். கிட்டாரையும் அதில் விட்டீர்களோ, 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தும், வாசிக்கவே முடியாது.

லயப்பித்து:
6/8இல் முதலில் பார்க்க வேண்டியது, கருவி எதை ஒரு தட்டாக எண்ணுகிறது என்பது. நீங்கள் சுற்றுக்கு இரண்டு முறை காலைத் தட்டி 60இல் வாசிக்கிறீர்கள் என்றால், சிறு தட்டுகளை எண்ணும் கருவியில் அது 180. டேப் டெம்போவில் எதைத் தட்டுவது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 6/8 இல்லாத கருவியில் 3/4ஐ வேகமாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள். வழக்கமான 6/8இல் ஸ்னேர் நான்காவது சிறு தட்டில் விழும், 3/4 வால்ட்ஸிலோ இரண்டிலும் மூன்றிலும் விழும், பாட்டின் நடையே மாறிவிடும். அதற்குப் பதில் மெதுவான 12/8 ப்ளூஸ் தாளம் ஒன்றைத் தேடி எடுங்கள், அதன் ஒரு சுற்றில் உங்கள் இரண்டு சுற்று அப்படியே உட்காரும்.