சிகாகோ ஐரிஷ் பப்கள்: சாதாரண நாளில் போனவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரையான்

மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் நாள் கதை வேண்டாம். பச்சைத் தொப்பி, காலையிலேயே வரிசை, வாசலில் ஒருவர் தோளில் இன்னொருவர் சாய்ந்து பாடுவது எல்லாம் எல்லோரும் பார்த்ததுதான். மற்ற நாட்களில், அதிலும் ‘செஷன்’ (இசைக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பது) நடக்கும் மாலையில் போய் உட்கார்ந்தவர்கள் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எல்ஸ்டன் அவென்யூவில் சீஃப் ஓநீல்ஸ் என்று ஒரு பப், 1999-இல் திறந்தது. அந்த ஓநீல் கள்ளுக்கடைக்காரர் இல்லை, போலீஸ்காரர். பிரான்சிஸ் ஓநீல், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்தவர். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கப்பலேறினார். பசிபிக்கில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கினார். மீட்க வந்த கப்பலில் எல்லோருக்கும் அரைவயிற்றுச் சாப்பாடு. அதில் வேலை பார்த்த ஹவாய்த் தீவுக்காரர் ஒருவரிடம் புல்லாங்குழல் இருக்க, இவர் அதை வாங்கி ஊர் மெட்டு ஒன்றை வாசித்தாராம். மயங்கிப்போன அந்த மனிதர் தன் பங்கிலிருந்து இவருக்கும் கொடுத்தார். ஓநீலே எழுதி வைத்த கதை இது.

1873-இல் சிகாகோ போலீசில் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு ஒரு திருடன் சுட்ட குண்டு கடைசிவரை உடம்பிலேயே இருந்தது. 1901 முதல் 1905 வரை நகரத்தின் போலீஸ் தலைவர். அந்தப் பதவியில் இருந்துகொண்டே 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். 1907-இல் 1,001 நடன மெட்டுகளோடு இன்னொன்று. இதில் வேடிக்கை, அவருக்கு இசைக்குறிப்பு எழுத வராது. அவர் வாசிக்க வாசிக்க ஜேம்ஸ் ஓநீல் என்ற போலீஸ் சார்ஜென்ட் எழுதினார். பெயர்தான் ஒன்று, சொந்தக்காரர் இல்லை. ஆள் எடுக்கும்போது பிடில் வாசிக்கத் தெரிந்தவனுக்கு முன்னுரிமை கொடுத்தார் என்று இன்றும் கதை சொல்வார்கள். அயர்லாந்திலேயே வாசிப்பவர்கள் குறைந்துகொண்டிருந்த காலத்தில், கார்க், மேயோ, கெரி என்று அந்நாட்டின் பல மாவட்டத்துக்காரர் எல்லோரும் ஒரே ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது சிகாகோவில்தான்.

தாளக்காரன்

செஷன் பற்றி நான் சொல்கிறேன். மேடை கிடையாது, மைக் கிடையாது. மூலையில் ஒரு மேஜை, சுற்றி நாற்காலிகள், காலடியில் வயலின் பெட்டிகள். வாசிப்பவர்களில் பாதிப் பேர் நமக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். முதல் முறை எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அப்புறம் புரிந்தது, அவர்கள் நமக்காக வாசிக்கவில்லை. ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள், நாம் பக்கத்தில் இருந்து கேட்கலாம், அவ்வளவுதான்.

ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு), ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள். இப்படி முழு மெட்டும் மூன்று சுற்று போகும். பிறகு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எது அடுத்தது என்று யாரும் பேசி வைப்பதில்லை. ஆரம்பித்தவர் புருவத்தைத் தூக்குவார், இல்லை ‘ஹப்’ என்பார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது. பிடிலும் குழலும் கான்செர்ட்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டியும் எல்லாம் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், ஆனால் ஒவ்வொருவர் கமகமும் வேறு.

நடன மெட்டுகளில் ரீல் என்ற வகை நமக்குச் சதுஸ்ரம். ஜிக் என்ற வகை என்றால் திஸ்ர நடை, தொடை தானாகத் தட்ட ஆரம்பிக்கும். தோல் கருவி ‘போரான்’ என்கிற ஆட்டுத்தோல் பறை. குட்டைக் குச்சியால் அடித்துக்கொண்டு, மறு கையைத் தோலின் பின்பக்கம் வைத்து அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். இரண்டாவது போரான் உள்ளே வந்தால் மேஜையில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மிசிசாகா மாமா

நாங்கள் மகளிட்டப் போன நேரம் மருமகன் நோக்ஸ் அவெனியூவில இருக்கிற ஐரிஷ் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனவர். முந்தி அது மேஃபேர் கல்லூரிக் கட்டடம். எண்பதுகளில ஐரிஷ் ஆக்கள் வாங்கி, வேலை தெரிஞ்சவை லீவு நாளில வந்து நிண்டு திருத்தி எடுத்திருக்கினம். உள்ளுக்கு நூலகம், நாடக அரங்கு, நடன வகுப்பு, ஃபிஃப்த் ப்ராவின்ஸ் எண்டு ஒரு பப்பும் கிடக்கு.

பக்கத்தில இருந்த கிழவர் மேயோக்காரர். “எந்த ஊர்?” எண்டு கேட்டார். இலங்கை எண்டன். “அது நாடு, ஊரைச் சொல்லும்” எண்டார். கரவெட்டி எண்டு சொன்னன். ரெண்டு தரம் சொல்லிப் பாத்துச் சரியாப் பிடிச்சுப்போட்டார். பிறகு தன்ர ஊர்க் கதை. மேயோவுக்கு ஒரு சங்கம், கெரிக்கு ஒரு சங்கம், வருசத்துக்கொருக்கா விருந்தும் டான்ஸும். டொரொண்டோவில எங்கட ஊர்ச் சங்கங்களில நான் காணாத ஒண்டும் அதில இல்லை. “உங்கட சங்கங்களும் சண்டை பிடிச்சு ரெண்டாப் பிரியுமோ?” எண்டு கேட்டன். மனுசன் சிரிச்சு, எனக்கும் சேத்து ஒரு தேத்தண்ணி சொன்னார். பதில் சொல்லேல்லை.

நேப்பர்வில் அம்மா

என் மகள் ஐரிஷ் நடனம் கற்கிறாள். இடுப்புக்கு மேலே உடம்பு அசையக் கூடாது, கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும், கால் மட்டும் பறக்கும். பரதநாட்டியமும் கற்பதால் முதல் ஆறு மாதம் கையைக் கட்டுப்படுத்துவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. ஆனால் காலைத் தட்டுவதில் டீச்சர் ஒரு குறையும் சொன்னதில்லை! போட்டிக்கு ‘ஃபெஷ்’ என்று பெயர். சுருள் முடி விக், கற்கள் பதித்த உடை, விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு கடையில் அளவெடுத்துத் தைத்த உடையைப் போட்டி முடிந்த மறுநாள் அனுப்பினார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

போட்டிக்குப் பிறகு எல்லாக் குடும்பமும் பப்புக்குத்தான் போகும். குழந்தைகள் உருளைக்கிழங்கு வறுவலோடு மேஜைக்கு அடியில் இருப்பார்கள், தாத்தாக்கள் மேலே. ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடன நிகழ்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபிளாட்லி 1958-இல் சிகாகோவில் பிறந்தவர் என்பதை எனக்கு யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார்.

நைட் ஷிஃப்ட்

வடக்குப் பக்கமே பேசுகிறீர்கள். நான் தெற்கே, பெவர்லி பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நகராட்சி ஊழியர்கள் நகர எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. அதனால் எல்லையை ஒட்டிய பெவர்லியிலும் மவுண்ட் கிரீன்வுட்டிலும் தெருவுக்குத் தெரு போலீசும் தீயணைப்பு வீரரும்தான், அதில் நிறையப் பேர் ஐரிஷ் வம்சம்.

இங்கே பப்பில் செஷனைவிட நான் அதிகம் பார்த்தது ‘பெனிஃபிட்’. யாருக்காவது புற்றுநோய், இல்லை வேலையில் இருந்தவர் இறந்துபோனார் என்றால் பப்பின் பின்அறையில் ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்வார்கள். வாசலில் நுழைவுப் பணம், உள்ளே குலுக்கல் சீட்டு, பேண்ட் சும்மா வந்து வாசிக்கும். எங்கள் வார்டில் இருந்த ஒரு நோயாளிக்காக நடந்தபோது போயிருந்தேன். அழுகையும் ஆட்டமும் ஒரே அறையில். கூடை நிறைந்ததும் பார்காரர் எண்ணாமல் அப்படியே அந்த நோயாளியின் மனைவி கையில் கொடுத்தார்.

வெஸ்டர்ன் அவென்யூவில் நடக்கும் செயின்ட் பேட்ரிக் ஊர்வலம் பற்றியும் ஒரு வார்த்தை. 1979-இல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தது, வளர்ந்து குடிகாரர் கூட்டமாகிவிட்டது. 2010, 2011 இரண்டு வருடமும் ஊர்க்காரர்களே நடத்தாமல் நிறுத்தினார்கள். 2012-இல் தெருவில் குடிக்கக் கூடாது என்ற கண்டிப்போடு திரும்ப வந்தது. சொந்த விழாவை நிறுத்தி வைக்கத் துணிந்ததற்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

சைவப் பட்சிணி

சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லை என்பதிலிருந்தே தெரிகிறது. சோடா பிரெட்டும் வெண்ணெயும் நன்றாக இருக்கும். மற்றபடி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பிடில் ரசிகை

தாளக்காரன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு செஷனில் விறுவிறுப்பாக ஒரு மெட்டு எடுத்தார்கள், இரண்டாவது சுற்றில் என் வாய் தானாக ‘வந்தே மீனாக்ஷி’ என்று பாட ஆரம்பித்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரம். குழந்தையில் பாட்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் வாசித்தது ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. தீட்சிதர் சென்னை கோட்டை பேண்ட் வாசித்த மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு சமஸ்கிருத சாகித்யம் போட்டாரே, அதில் ஒன்று இந்த ஐரிஷ் மெட்டு. மாலோ இருப்பது ஓநீல் பிறந்த அதே கார்க்கில்! தீட்சிதர் காலமானது 1835, ஓநீல் பிறந்ததே 1848. அவர் பிறக்கும் முன்பே இந்த மெட்டு சென்னைக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த புல்லாங்குழல்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. முழுவதும் பாடிக் காட்டச் சொன்னார், பாடினேன். மேஜையே நின்று கேட்டது. அடுத்து என்ன கேட்டார்கள் தெரியுமா? “இந்தியாவில் இதை எந்த வேகத்தில் பாடுவீர்கள்?” மெதுவாக என்றதும் ஒரு பெண் அதே வேகத்தில் பிடிலில் எடுத்தார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

இன்னொன்று, பிடில் கலைஞர் லிஸ் கேரல் பெயரை யாரும் சொல்லவில்லையே. சிகாகோவிலேயே பிறந்தவர். 1975-இல் பதினெட்டு வயதில் அயர்லாந்து போய் ஆல்-அயர்லாந்து சீனியர் பிடில் பட்டத்தை வாங்கி வந்தவர். அவர் இயற்றிய மெட்டுகளை இப்போது அங்கேயே வாசிக்கிறார்கள். ஓநீல் அள்ளிக்கொண்டு வந்ததற்கு வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

தாளக்காரன்

தீட்சிதர் கதைக்கு நன்றி அம்மா. அப்படியானால் மிருதங்கத்தோடு போகலாமா?

பிடில் ரசிகை

முதல் நாளே வேண்டாம். கையோடு கஞ்சிரா கொண்டுபோய்ப் பையிலேயே வைத்திருங்கள். போரான்காரர் பாத்ரூம் போகும்போது ஆரம்பித்தவரைப் பார்த்துக் கேளுங்கள். அவர் தலையாட்டினால் எடுங்கள்.