தண்டுவட அடி: கல்யாண வீட்டில் கதீட்டர் எப்படிப் போடுவது?

தம்பிக்குத் தண்டுவடத்தில் அடி. 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனே கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் மெல்லிய குழாய்) விட்டுச் சிறுநீர் எடுக்கிறான். அடுத்த வாரம் தேவகோட்டையில் நாள் முழுக்கக் கல்யாணம், அங்கே எடுக்க முடியாதென்று தண்ணீரே குடிக்காமல் இருக்கப் போகிறேன் என்கிறான். சரியா?

பதில் 1: வேண்டாம் அக்கா. இந்த வெயிலில் தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர்த் தொற்று, கல் எல்லாம் வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும், ஒரு தடவைக்கு வரும் சிறுநீர் 500 மில்லியைத் தாண்டினால் அடுத்த தடவை சீக்கிரமே எடுக்கணும். முற்றம் வைத்த செட்டிநாட்டு வளவு வீடுதானே, இரண்டாங்கட்டில் (உள்பகுதியில்) ஓர் அறை கேளுங்கள், மனமாரத் தருவார்கள்.

பதில் 2: முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பந்தியில் கையலம்பும் தண்ணீர் மட்டும் போதாது. ஒருமுறை பயன்படுத்தும் கதீட்டரை மறுபடி போடாமல், ஜெல் தடவி மெதுவாக விடணும். தடுத்தால் அழுத்தவே கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பதில் 3: அடி எந்த இடத்தில்? மார்பு முதுகெலும்பில் ஆறாவதோ அதற்கு மேலோ என்றால், சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் எகிறி மண்டையிடியும் வியர்வையும் வரலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை எடுங்கள். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

கேட்டவர்: ஐந்தாவது எலும்பு. இதை யாருமே சொல்லவில்லை அண்ணே, இப்பவே அவனிடம் காட்டுகிறேன்.