பசுமைக் கொள்முதல்: சுற்றறிக்கை வருகிறது, விவரக்குறிப்பில் என்ன எழுதுவது?

பொருநைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவை ஏழு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பெரிய டெண்டர்கள் எங்களிடம் வருவதில்லை. மின்விசிறி, குழல்விளக்கு, காகிதம், கோப்பு அட்டை, பயிற்சி வகுப்புகளுக்கான பை, தேநீர், மதிய உணவு ஆகியவற்றைத்தான் ஆண்டு முழுவதும் வாங்குகிறோம். சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களையே வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை வரும்போதெல்லாம் அதைப் பிரிவுகளுக்குச் சுற்றுக்கு விட்டு, எல்லோரிடமும் சுருக்கொப்பம் பெற்று, கோப்பில் கட்டிவைக்கிறோம். அதன் பிறகு எப்போதும் போலவே விலைப்புள்ளி கேட்டு, எப்போதும் போலவே குறைந்த விலைக்காரரிடம் வாங்குகிறோம்.

அண்மையில் நடந்த பயிற்சி ஒன்றுக்கு 200 துணிப்பைகள் தேவைப்பட்டன. விவரக்குறிப்பில் நான் எழுதியது ‘துணிப்பை, 14 அங்குலத்துக்கு 16 அங்குலம், அலுவலக முத்திரையுடன்’ என்பது மட்டுமே. வந்து இறங்கியவை பார்வைக்குத் துணி போலவே இருந்தன. ஆனால் அவை நெய்யப்படாத செயற்கை இழைப் பைகள், 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 நெகிழிப் பொருள்களில் அதுவும் ஒன்று. நெகிழி ஒழிப்பைப் பற்றிய பயிற்சிக்கே அந்தப் பையைக் கொடுத்தோம் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தவறு என்னுடையது, வழங்கியவர் கேட்டதைத்தான் கொடுத்தார்.

எங்கள் அலுவலரோ குறைந்த விலையைத் தவிர வேறு எதையும் பரிந்துரைத்தால் தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையில் எழுத்து மூலமான ஆட்சேபம்) வரும் என்கிறார். அது உண்மையா? விவரக்குறிப்பை எப்படி எழுதினால் பொருளும் சரியாக வரும், கோப்பும் நிற்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:

தம்பி, உங்கள் அலுவலரின் அச்சம் எனக்குப் புதிதல்ல. முப்பது ஆண்டுகள் அந்த அச்சத்தை விளைவித்த பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி ஒளிவுமறைவின்மைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். வகுக்கப்பட்ட மதிப்பீட்டு அளவுகோல்களின்படி எது குறைந்த விலை என்று கண்டறியப்படுகிறதோ அதையே ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். காகிதத்தில் யார் சிறிய எண்ணை எழுதினாரோ அவருக்கே கொடு என்று அது சொல்லவில்லை. உபகரணம் வாங்கும்போது அதை இயக்குவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவை, ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்டிருந்தால், கணக்கில் சேர்த்து ஒப்பிடுவதற்கு அச்சட்டத்தின் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளிலும் இடம் உண்டு. இந்த வாய்ப்பு யாருக்கும் தெரியாமல் இல்லை. ஒப்பீட்டுப் பட்டியலில் கூடுதலாக ஒரு நெடுவரிசை வரைய வேண்டியிருக்கிறதே என்ற சோம்பல்தான் காரணம் என்பது என் கருத்து.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (தூரிகை இல்லா நேர்மின்னோட்ட) மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 2000 மணி நேரம். ஒரு விசிறிக்கு மிச்சம் 90 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 720 ரூபாய். இரண்டுக்கும் விலை வேறுபாடு 1500 ரூபாய் என்றாலும் இரண்டாண்டுக்குச் சற்று மேலே அந்தப் பணம் திரும்பிவிடுகிறது. உங்கள் மின்கட்டண விகிதத்தையும், உங்கள் அறைகளில் விசிறி உண்மையில் ஓடும் நேரத்தையும் போட்டு இந்த நான்கு வரிகளைக் குறிப்பில் எழுதிவிட்டால், எந்தத் தணிக்கையாளரும் பேனாவைத் திறக்கமாட்டார். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், அறிவிக்கை செய்யப்பட்ட மின்சாதனங்களைக் குறிப்பிட்ட நட்சத்திரத் தகுதியுடனேயே (மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர எண்ணிக்கை) வாங்க வேண்டும் என்று இருக்கிறது. அது மாநில அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், குறிப்பில் மேற்கோளாகக் காட்டினால் அலுவலருக்குச் சற்றுத் தைரியம் வரும்.

நானே ஒருமுறை விளக்குக் கொள்முதலில் தடை எழுதியிருக்கிறேன். அதிக விலை கொடுத்ததற்காக அன்று. கோப்பு முழுவதும் தேடியும் ‘தரமானது என்பதால்’ என்ற ஒற்றைத் தொடருக்கு மேல் காரணம் கிடைக்காததற்காக. இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. அளவுகோலை விலைப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். விலைப்புள்ளி உறையைப் பிரித்த பிறகு ‘பசுமை’ என்று காரணம் காட்டினால், எவ்வளவு நல்ல நோக்கமானாலும் அது வேண்டியவருக்குக் கொடுத்ததாகவே படிக்கப்படும். மற்றொன்று, நிறுவனத்தின் பெயரை எழுதாமல் செயல்திறனை எழுதுங்கள்.

மின்பணிக்காரர்:

ஐயா சொன்ன கணக்கு சரியானது. ஆனால் அது விசிறி ஓடிக்கொண்டிருக்கும் வரைக்குமான கணக்கு. பழைய விசிறி நின்றுபோனால் டவுனில் எந்தக் கடையிலும் காயில் கட்டி, கெப்பாசிட்டர் மாற்றி, அன்று மாலையே மாட்டிவிடலாம். பி.எல்.டி.சி. விசிறியில் பழுதாவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை. அது அந்தந்த நிறுவனத்துக்கென்று தனியாக இருக்கும், வெளியில் கிடைக்காது. நான் வேலை பார்க்கும் ஒரு கட்டடத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் ஒரே மழைக்காலத்தில் ஆறு விசிறிகள் நின்றுபோயின. உத்தரவாத அட்டையைத் தேடினால் கிடைக்கவில்லை. பலகை வர ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் பழைய விசிறிகளையே மீண்டும் தூக்கி மாட்டிவிட்டார்கள்.

ஆகவே விவரக்குறிப்பில் வாட் அளவோடு நிறுத்தாமல், எந்த மின்னழுத்த வரம்புக்குள் விசிறி ஓட வேண்டும், பலகைக்கும் சேர்த்து எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும், மாற்றுப் பலகைகள் எத்தனை முன்கூட்டியே தர வேண்டும் என்பவற்றையும் எழுதுங்கள். கூரை விசிறிக்கு நட்சத்திர முத்திரை 2023 சனவரி முதல் கட்டாயம் ஆகிவிட்டதால், ‘நட்சத்திர முத்திரை உள்ளது’ என்று மட்டும் எழுதினால் ஒரு நட்சத்திர விசிறியும் உள்ளே வந்துவிடும். எத்தனை நட்சத்திரம் என்பதையும் எண்ணால் எழுத வேண்டும். கழற்றிய பழைய விசிறிகளை என்ன செய்வது என்பதையும் அதே ஆணையில் முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அவை மாடிப்படிக்கு அடியில் கிடந்து துருவேறும்.

பத்தமடைப் பக்கத்துக்காரி:

அண்ணாச்சி, உங்கள் பை விவகாரத்தைப் படித்ததும் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. எங்கள் மகளிர் குழு பையும் தைக்கிறது, கோரையில் கோப்புறையும் செய்கிறது. அடுத்த முறை ‘100 விழுக்காடு பருத்தி, தறியில் நெய்யப்பட்டது, செயற்கை இழை கலவாதது’ என்று எழுதி, துணியின் கனத்தையும் குறிப்பிட்டு, மாதிரிப் பை ஒன்றை முன்கூட்டியே வாங்கி முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு இறங்கும்போது ஒரு பையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினாலே தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகி விரலில் பொடியும், மற்றது உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகத் திரளும். இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

உள்ளூர்க் குழுக்களிடம் வாங்குங்கள் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று மேடையில் பெருமைப்படவும் செய்கிறார்கள். ஆனால் கோரைப் பொருளுக்கு எங்களுக்கு வரும் ஆணை எப்படிப்பட்டது தெரியுமா? திங்கட்கிழமை தொலைபேசியில் சொல்லி, வெள்ளிக்கிழமை 150 கோப்புறை வேண்டும் என்பார்கள். கோரையை அறுத்துக் கிழித்துக் காயவைக்க வேண்டும், ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் நெசவு. நான்கு நாளில் இது எதுவும் நடக்காது; ஆகவே ஆணை நெகிழிக் கோப்புறைக்காரருக்குப் போய்விடும், நாங்கள் ‘வழங்க இயலாதவர்கள்’ என்று கோப்பில் பதிவாகிவிடுவோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த மாதத்தில் எத்தனை பயிற்சி என்ற பட்டியல் உங்களிடம் இருக்கும் அல்லவா? அந்தப் பட்டியலின் படி ஒன்றை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி பணம். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம் சொல்கிறது. ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஐந்தாவது மாதம்தான் காசோலை வந்தது. வட்டி கேட்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அடுத்த ஆணை கிடைக்காதே என்று யாரும் கேட்பதில்லை. மூன்று ஆண்டு விற்றுமுதல் சான்று, பெரிய முன்வைப்புத் தொகை என்று 200 பைக்கும் கேட்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

கட்டுமானப் பிரிவிலிருந்து ஒருவர்:

சுருக்கமாக ஒன்று. எங்கள் பிரிவில் நிலக்கரிச் சாம்பல் செங்கலைப் பயன்படுத்துவதற்கு யாரும் சுற்றுச்சூழல் சொற்பொழிவு ஆற்ற வேண்டியிருப்பதில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறது. சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற மத்திய அறிவிக்கை 1999 முதலே இருக்கிறது. மதிப்பீடு தயாரிக்கும்போதே அந்தச் செங்கலுக்கான இனத்தை, அதாவது தனி வரியை, சேர்த்துவிடுகிறோம். மதிப்பீட்டில் இனமாக ஏறிய பொருளைப் பற்றிப் பிறகு யாரும் விவாதிப்பதில்லை. நெகிழிக் கழிவு கலந்த தார்ச் சாலைக்கும் இந்தியச் சாலைப் பேரவை 2013இல் வழிகாட்டு நெறியை வெளியிட்ட பிறகு பொறியாளர்கள் துணிந்து கையெழுத்திடுவது எளிதாயிற்று. நீங்கள் வழக்கமாக வாங்கும் இருபது பொருள்களுக்கு நிலையான விவரக்குறிப்பு ஒன்றைத் தயாரித்து, ஒரே முறை அலுவலரின் ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் புதிதாக வாதாடினால் மூன்றாவது கோப்பிலேயே களைத்துவிடுவீர்கள்.

பொருநைவாசி:

அனைவருக்கும் நன்றி. தணிக்கையாளர் ஐயா சொன்னபடி எங்கள் அறைகளுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதிவறையில் விசிறி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஓடுவதில்லை. அங்கே விலை வேறுபாட்டை ஈடுகட்டப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. எனவே அந்த ஆறு விசிறிகளை விட்டுவிட்டு, நாள் முழுவதும் ஓடும் 34 விசிறிகளுக்கு மட்டும் குறிப்பு எழுதியிருக்கிறேன். உத்தரவாதம், மாற்றுப் பலகை ஆகிய நிபந்தனைகளையும் சேர்த்துவிட்டேன். இருபது பொருள் என்பது இப்போதைக்கு என் கைக்கு அடங்காது. விசிறி, பை, கோப்புறை, தேநீர்க் குவளை ஆகிய நான்கோடு தொடங்குகிறேன். குவளையில் ஒரு செய்தி இப்போதுதான் கவனத்துக்கு வந்தது: நாங்கள் ‘காகிதக் குவளை’ என்று வாங்கிவந்ததில் உள்ளே நெகிழிப் பூச்சு இருக்கிறது, அதுவும் தடைப் பட்டியலில் உள்ளது. எவர்சில்வர் டம்ளர் நூறு வாங்குவதென்றால் கழுவுவது யார் என்ற கேள்வியை அலுவலர் கேட்டிருக்கிறார். அதற்கான விடையைத் துப்புரவுப் பணி ஒப்பந்தத்தில்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. அந்த ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்கப்படுகிறது. பயிற்சிப் பட்டியலின் படியைக் கேட்ட சகோதரிக்கு, ஒப்புதல் கிடைத்ததும் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடுகிறேன். எல்லாக் குழுக்களும் பார்த்துக்கொள்ளலாம்.