உயரத்தை அளந்தார்களோ?

குழு: கொக்குவில் வீட்டார்

சின்னம்மா: பிள்ளையள், நுரையீரல் ரெஸ்ற் ரிப்போட் வந்துவிட்டது. எஃப்விசி 76 வீதம் என்று கிடக்கிறது. கால்வாசி நுரையீரல் போய்விட்டதோ? நெஞ்சு படபடக்கிறது.

நிலா: ஐயோ, இல்லை சின்னம்மா. எஃப்விசி என்றால் மூச்சை முழுக்க இழுத்து, பலமாக ஊதித்தள்ளும் மொத்தக் காற்று. உங்கள் வயதும் உயரமும் உள்ள, நோய் இல்லாத ஒரு பெண் சராசரியாக எவ்வளவு காற்று ஊதுவார் என்று மெசின் கணக்குப் போடும். நீங்கள் ஊதியது அதில் 76 வீதம். உயரத்தை அளந்தார்களோ?

சின்னம்மா: கேட்டு எழுதினார்கள். 162 என்றேன். கலியாணத்துக்கு முதல் அளந்தது.

நிலா: இப்போதே செருப்பைக் கழற்றி, குதிக்கால் சுவரில் முட்ட நில்லுங்கோ. தங்கச்சி தலையில் கொப்பியை மட்டமாக வைத்துக் கோடு போடட்டும்.

மாமி: நான் நிறை கூட. எனக்கும் குறைவாகத்தான் வருமோ?

நிலா: வயது, பால், உயரம்தான் கணக்கில் வரும் மாமி, நிறை வராது. வயிறு பெருத்தால், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்கக் கஷ்டப்படும், காற்றும் குறையலாம். நிறையையும் கணக்கில் சேர்த்தால் அந்தக் குறைவு மறைந்துபோகும்.

ஆதவன் (கனடா): இங்கே என் ரிப்போட்டில் வெள்ளைக்காரர் அளவோடு ஒப்பிட்டிருந்தார்கள்.

நிலா: அதுவும் பெரிய விசயம் அண்ணா. 2012இல் வந்த ஜிஎல்ஐ என்ற உலக அளவிலான நுரையீரல் கணக்குக்கு 26 நாடுகளில் 74,187 பேரின் அளவுகளை எடுத்தார்கள். இந்தியா, பாகிஸ்தான் தரவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் தெற்காசியாவுக்குத் தனிப் பிரிவே வரவில்லை. 2022 கணக்கில் இனப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். நம் பெண்களை நம் ஊரிலேயே அளந்து ஒரு கணக்கு வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் ‘சிகரெட் பிடிக்காதவர்’ என்று மட்டும் பார்த்து ஆள் எடுக்கக்கூடாது. பனைமட்டையும் பன்னாடையும் எரித்து, அடுப்படிப் புகையிலேயே நின்ற அம்மாமாரையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், குறைந்த மூச்சே சரியான அளவு ஆகிவிடும்.

சின்னம்மா: 157 தான் வருகிறது!

நிலா: பார்த்தீர்களோ! 5 சென்ரிமீற்றர் என்றால் உயரத்தில் 3 வீதம்தான். ஆனால் எதிர்பார்க்கும் அளவு கிட்டத்தட்ட 7 வீதம் கூடிவிடும். சரியான உயரத்தைப் போட்டால் உங்கள் 76, 81 அளவில் வரும். 80க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள், ஆனால் அதுவும் கறாரான கோடு இல்லை. சுகமாக இருப்பவர்களில் 5 வீதம் பேர் எந்தக் கீழெல்லைக்குக் கீழே வருவார்களோ, அதைத்தான் பார்க்கவேண்டும். ரிப்போட்டில் எல்எல்என் என்று இருக்கும். ஆனால் இருமலும் இளைப்பும் இருக்கிறதுதானே, டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கோ. புது உயரத்தையும் சொல்லுங்கோ.

சின்னம்மா: சரி பிள்ளை. அம்மம்மாவுக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். கூனிப்போனவவை எப்படி நிமிர்த்தி அளக்கிறது?

நிலா: நிமிர்த்த வேண்டாம். இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கோ. அதை வைத்து உயரத்தைக் கணக்கிட்டுப் போடலாம்.

மாமி: தையல் ரேப் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.